ஆள் நடமாட்டமே காவல்

தேனி ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை நடக்கும் குறைதீர் கூட்டத்துக்கோ ஊராட்சியின் கிராம சபைக்கோ போய் உட்கார்ந்தால், சில புகார்கள் காதுக்குப் பழகிவிடும். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் குடிக்கிறார்கள். நாடக மேடையில் சீட்டாடுகிறார்கள். ஓடைப் பாலத்தடியில் கஞ்சா புழங்குகிறது. பொம்பளைப் பிள்ளைகள் அந்த வழியாக டியூஷன் போய்வர முடியவில்லை. மனு காவல் நிலையத்துக்குப் போகும், சில நாள் ரோந்து வரும், நாலு பேர் மீது வழக்கு விழும், ஊராட்சி ஒரு கேமரா மாட்டும். மாதம் திரும்புவதற்குள் அதே இடத்தில் மறுபடியும் பாட்டில் உடைந்து கிடக்கும்.

ஆட்கள் மாறியிருப்பார்கள், இடம் மாறாது. அந்த இடத்தையே ஏன் தேடி வருகிறார்கள் என்ற கேள்வியை நாம் கேட்பதே இல்லை. ஊரில் இருட்டான இடங்கள் எத்தனையோ இருக்க, குறிப்பிட்ட ஒரு மேடை, ஒரு பாலம், ஒரு சந்து மட்டும் தலைமுறை தலைமுறையாகக் கெட்ட பேர் வாங்குகிறது என்றால், அதற்குக் காரணம் அந்த இடம் கட்டப்பட்ட விதத்திலும் இருக்கிறது. காவல்துறையோடு கொத்தனாருக்கும் ஊராட்சிச் செயலருக்கும் இதில் வேலை உண்டு என்பதே நான் சொல்ல வருவது.

நாடக மேடையையே எடுத்துக்கொள்வோம். கம்பம் பள்ளத்தாக்கில் நாடக மேடை இல்லாத ஊரைக் காண்பது அரிது. பொங்கல் விழாவுக்கு வள்ளி திருமணமும் அரிச்சந்திர மயான காண்டமும் விடிய விடிய நடக்கும் இடம். ஆண்டில் சில இரவுகள்தான் அதற்கு வேலை. மற்ற நாளெல்லாம் அது என்ன? தலைக்கு மேல் கான்கிரீட் கூரை, மூன்று பக்கமும் சுவர், இடுப்பளவு உயரத்தில் வழுவழுப்பான சிமென்ட் தரை. சாமி பார்க்க வேண்டும் என்பதற்காக மேடையின் முகம் பெரும்பாலும் கோயிலை நோக்கி இருக்கும், முதுகு தெருவை நோக்கி இருக்கும். இரவு எட்டரைக்குக் கோயில் நடை சாத்தியதும் முகம் இருக்கும் பக்கத்தில் ஆளே இல்லை. தெருவில் போகிறவர்களுக்குத் தெரிவது ஒரு மொட்டைச் சுவர் மட்டும். மழைக்கும் பனிக்கும் ஒதுங்கலாம், உள்ளே இருப்பவரை வெளியிலிருந்து யாரும் பார்க்க முடியாது, யாராவது வந்தால் உள்ளே இருப்பவருக்கு முதலில் தெரிந்துவிடும். ஒளிந்து குடிப்பதற்கென்றே வரைபடம் போட்டுக் கட்டினாலும் இதைவிடத் தோதாக அமையாது. காலையில் பிள்ளைகள் விளையாட ஏறும்போது, சுவரோரம் பெருக்கித் தள்ளப்பட்ட கண்ணாடிச் சில்லுகள் அங்கே காத்திருக்கின்றன.

இதே மேடையின் பக்கவாட்டுச் சுவர்களை இடுப்பளவுக்குக் குறைத்து, அதற்கு மேல் கம்பி வலை வைத்தால்? பின்சுவரில் அகலமாக ஒரு சன்னல் திறந்தால்? பக்கத்தில் காலியாகக் கிடக்கும் இரண்டு சென்ட் இடத்தில் பால் கூட்டுறவுச் சங்கத்தின் கொள்முதல் நிலையத்தைக் கொண்டுவந்தால்? பால் சங்கத்துக்கு விடியற்காலையில் ஒரு கூட்டம் வரும், சாயங்காலம் இன்னொரு கூட்டம் வரும். கேன் சத்தமும் சைக்கிள் சத்தமும் உள்ள இடத்தில் பாட்டிலைத் திறந்து உட்காரப் பலருக்கும் மனம் வராது. ஆகும் செலவு, ஒரு கொத்தனாருக்கும் இரண்டு சித்தாளுக்கும் சில நாள் கூலி, கொஞ்சம் கம்பி, சிமென்ட்.

இது புதிய சிந்தனை ஒன்றும் இல்லை. 1961-ல் அமெரிக்க எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ், தெருவைக் காப்பது முதலில் அந்தத் தெருவின் மீது விழும் கண்கள்தான், போலீஸ் அதற்கப்புறம்தான் என்று எழுதினார். கடைக்காரர், வாசலில் நிற்பவர், சன்னலோரம் உட்கார்ந்திருப்பவர் ஆகியோரின் கண்களைத்தான் அவர் சொன்னார். பத்தாண்டு கழித்து ஆஸ்கர் நியூமன் என்ற கட்டடக் கலைஞர், செயின்ட் லூயிஸ் நகரில் 33 பதினொரு மாடிக் கட்டடங்களாக எழுப்பப்பட்டுச் சீரழிந்த புரூயிட்-ஐகோ குடியிருப்பை ஆராய்ந்தார். வீடுகளின் உள்ளே சுத்தம், ஒழுங்கு. இரண்டே குடும்பங்கள் பகிர்ந்துகொண்ட படிக்கட்டுத் திருப்பங்களும் சுத்தம். இருபது குடும்பங்களுக்குப் பொதுவாக இருந்த நடைகூடம்தான் நரகமாகியிருந்தது. ஒரு இடத்தைத் தன்னுடையது என்று நினைக்க ஆளிருந்தால் அங்கே குற்றம் குறையும் என்ற முடிவுக்கு அவர் வந்தார். 1972-ல் அவருடைய நூல் வெளிவந்த அதே ஆண்டில் அந்தக் குடியிருப்பை வெடிவைத்துத் தகர்க்கும் பணியும் தொடங்கியது. இன்று உலகெங்கும் நகரமைப்புப் பாடங்களில் இந்த இருவரின் பெயரும் வராமல் இருக்காது.

ஜேக்கப்ஸ் சொன்னதை நம் திண்ணையும் ஆலமரத்தடியும் சாவடியும் முன்பே செய்துகொண்டிருந்தன என்று பெருமை பேசுவது எளிது. அதில் பாதிதான் உண்மை. சாவடியில் உட்கார்ந்தவர்கள் ஆண்கள், அதிலும் குறிப்பிட்ட சாதி ஆண்கள். தேனி மாவட்டத்துக் கிராமங்களில் ஒவ்வொரு சமூகத்துக்கும் தனித்தனிச் சாவடி இருப்பது அங்கே வாழ்கிறவர்களுக்குத் தெரியும். அந்தத் தெருவின் மீது கண்கள் இருந்தது உண்மைதான். ஆனால் யார் செருப்புப் போட்டு நடக்கிறார், யார் வீட்டுப் பெண் யாரோடு பேசுகிறாள் என்று வேவு பார்த்ததும் அதே கண்கள்தான்.

ஆகவே நியூமன் சொன்னதை அப்படியே எடுத்து நம் ஊரில் நட்டால் அது விஷமாக முளைக்கும். 'இது எங்கள் இடம்' என்ற உணர்வு அவருடைய நாட்டில் மருந்தாக இருக்கலாம். இங்கே 'எங்கள்' என்றாலே சாதி என்று அர்த்தமாகிவிடுகிறது. 1989-ல் போடி வட்டாரத்தில் மூண்ட சாதிக் கலவரத்தில் பலர் உயிரிழந்தார்கள். அதே 1989-ல், பக்கத்து மதுரை மாவட்டத்து உத்தப்புரத்தில் நடந்த மோதலுக்குப் பிறகு, தலித் மக்களின் குடியிருப்பைப் பிரித்து ஒரு நெடுஞ்சுவர் எழுந்தது. அமைதிக்காகக் கட்டியது என்றே அதற்கு நியாயம் சொல்லப்பட்டது. இன்றைய மொழியில் சொன்னால் அது ஒரு பாதுகாப்பு ஏற்பாடு. வழியை அடைத்து, ஒரு தரப்பை இன்னொரு தரப்பின் கண்ணிலேயே படாமல் வைத்தால் சண்டை வராது என்ற கணக்கு. கிட்டத்தட்ட இருபது ஆண்டுகள் அந்தச் சுவர் நின்றது. 2008 மே 6-ல் மாவட்ட நிர்வாகம் அதில் ஒரு பகுதியை இடித்துப் பாதை திறந்தபோதுதான், அது காத்துவந்தது அமைதியை அல்ல, தீண்டாமையை என்பது நாடறிய வெட்டவெளிச்சமானது.

உத்தப்புரத்தை நினைவில் வைத்துக்கொண்டுதான் பாதுகாப்பு என்ற பெயரில் எழும் ஒவ்வொரு சுவரையும் ஒவ்வொரு கேட்டையும் நாம் பார்க்க வேண்டும். புதிய மனைப்பிரிவுக்காரர்கள் தெருமுனையில் கம்பிக் கதவு போட்டு 'அந்நியர் உள்ளே வரக்கூடாது' என்று எழுதி வைக்கும்போது, அந்நியர் என்று யாரை மனதில் வைத்து எழுதுகிறார்கள்? வாய்க்கால் கரையில் காலங்காலமாக நடந்து வயலுக்குப் போனவர்களைத்தானே? ஊர் முக்குகளில் நிற்கும் கொடிக்கம்பங்களும் பெயர்ப்பலகைகளும் இதே வேலையைத்தான் செய்கின்றன. 2025 ஜனவரியில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, பொது இடங்களில் கட்சிகளும் சாதி, மத அமைப்புகளும் நட்ட கொடிக்கம்பங்களை அகற்ற உத்தரவிட்டபோது, போக்குவரத்து இடைஞ்சலைப் பற்றியே அதிகம் பேசப்பட்டது. ஒரு பேருந்து நிறுத்தத்தை ஒரு தரப்பின் கொத்தளமாகக் காட்டும் கம்பம், அடுத்த தரப்பு இளைஞனுக்கு அங்கே நிற்காதே என்று தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறது என்பதும் அதே அளவு பேசப்பட வேண்டிய விஷயம். தென்மாவட்டத்து மோதல்கள் பலவும் இப்படிப்பட்ட முக்குகளில்தான் பற்றிக்கொள்கின்றன.

எதிர்த்திசையில் ஒரு முயற்சியும் இதே மண்ணில் நடந்தது. தொண்ணூறுகளின் தென்மாவட்டக் கலவரங்களுக்குப் பிறகு வந்த சமத்துவபுரம் திட்டத்தில், நூறு வீடுகளில் 40 ஆதிதிராவிடர்களுக்கும், 25 பிற்படுத்தப்பட்டோருக்கும், 25 மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கும், 10 மற்றவர்களுக்கும் என்று கலந்து ஒதுக்கினார்கள். சமுதாயக் கூடமும் விளையாட்டிடமும் எல்லோருக்கும் ஒன்றே. வேலைவாய்ப்பில்லாத இடத்தில் கட்டியது, பராமரிப்பில்லாமல் விட்டது என்று அதன் குறைகளைச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆனால் பொது இடத்தை எப்படி வரைந்தால் பகை வளராது என்று ஒரு அரசு உட்கார்ந்து யோசித்ததே பெரிய காரியம். அந்த யோசனை பிறகு விட்டு விட்டுத்தான் தொடர்ந்தது.

நாம் விடாமல் தொடர்ந்தது பூட்டும் வேலையை. தேனி, போடி, சின்னமனூர், கம்பம் என்று எந்த ஊரின் புறத்துக்குப் போனாலும் வயல் மனையாகிக்கொண்டிருக்கிறது. பெரிய மனைப்பிரிவு என்றால் சாலை போக மீதி நிலத்தில் பத்தில் ஒரு பங்கைப் பூங்காவுக்கும் விளையாட்டுக்கும் ஒதுக்கி உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. காகிதத்தில் ஒப்படைப்பு முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அந்த நிலத்தைக் கேட்பாரில்லை. முதல் மழைக்குப் பார்த்தீனியமும் அடுத்த ஆண்டு சீமைக் கருவேலமும் முளைக்கின்றன. மூன்றாவது ஆண்டு முள்ளுக்குள் ஒற்றையடிப் பாதை விழுகிறது. எதற்காக விழுந்த பாதை என்று பக்கத்து வீட்டுப் பெண்களைக் கேட்டால் சொல்வார்கள். இருட்டிய பிறகு அவர்கள் பின்கதவைத் திறப்பதில்லை.

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 541 காலி மனைகளை எடுத்துக்கொண்டு ஒரு சோதனை நடந்தது. அதன் முடிவுகள் 2018-ல் வெளியாயின. குலுக்கல் முறையில் தேர்ந்த மனைகளில் குப்பையை அள்ளி, தரையைச் சமப்படுத்தி, புல் விதைத்து, சில மரக்கன்று நட்டு, சுற்றிலும் தாழ்வாகக் கட்டை வேலி போட்டார்கள். வேலியில் ஆள் நுழைய இடைவெளி விட்டார்கள். அவ்வளவுதான் செய்தார்கள். வறுமை மிகுந்த பகுதிகளில், அந்த மனைகளைச் சுற்றித் துப்பாக்கி வன்முறை 29 சதவீதம் குறைந்தது. அந்த வேலியைக் கவனியுங்கள். யாரையும் தடுக்க அதற்கு உயரமில்லை. இந்த இடத்தைப் பார்த்துக்கொள்ள ஆளிருக்கிறது என்று காட்டியதே அதன் வேலை.

நம் ஊரில் பணம் வந்தால் முதலில் எழுவது ஆறடிச் சுற்றுச்சுவர், இரும்பு கேட், கல்வெட்டு. அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் 2006 முதல் ஊராட்சிதோறும் நூலகம் கட்டினோம், 2016-க்குப் பிறகு அம்மா பூங்காவும் உடற்பயிற்சிக் கூடமும் கட்டினோம், அதற்கும் முன்பே மகளிர் சுகாதார வளாகங்கள் கட்டினோம். நல்ல திட்டங்கள். கட்டுவதற்கு ஒதுக்கீடு இருந்தது, சாவியை வைத்துத் திறந்து மூட ஒரு ஆளுக்குச் சம்பளம் பல இடங்களில் இல்லை. பூட்டிக் கிடக்கும் பூங்காவின் ஆறடிச் சுவருக்கு உட்புறம்தான் ஊரிலேயே மிகப் பத்திரமான மறைவிடம். சுவர் ஏறிக் குதிக்க இளவட்டங்களுக்கு முடியும். பேரனைக் கூட்டிவரும் பாட்டிக்கு முடியாது. யாரைத் தடுக்க வேண்டுமோ அவரை விட்டுவிட்டு, யார் வந்தால் அந்த இடம் திருந்துமோ அவரைத் தடுக்கிறது அந்தச் சுவர்.

தேனி நகரத்தின் ராஜவாய்க்காலும் இப்படித்தான் ஆகிவிட்டது. ஆக்கிரமிப்பைப் பற்றிப் பேசிப் பேசி ஓய்ந்துவிட்டார்கள். நான் சொல்வது அதோடு சேர்ந்த இன்னொன்று. வாய்க்காலை நோக்கி ஒரு வாசல்கூட இல்லை, கொல்லைப்புறச் சுவர்களும் கழிவுக் குழாய்களும்தான் அதைப் பார்த்து நிற்கின்றன. ஊர் முதுகு காட்டும் இடம் குப்பைத்தொட்டியாகும், பிறகு குடிப்பிடமாகும். ஆள் திரும்பினால் என்ன ஆகும் என்பதற்கு மதுரை - போடி ரயில் பாதையை எண்ணிப் பாருங்கள். 2010 கடைசியில் அகலப்பாதைப் பணிக்காக ரயில் நின்றது. தேனிக்கு ரயில் திரும்பியது 2022 மே மாதம், போடிக்கு 2023 ஜூன் மாதம். நடுவில் பத்தாண்டுக்கு மேல் பயணியில்லாத நிலையங்களும் பாதையும் கிடந்தன. இன்று ரயில் வரும் நேரத்தில் அங்கே ஆட்டோ நிற்கிறது, விளக்கு எரிகிறது, ஆள் வந்து போகிறது. இடத்துக்கு ஒரு வேலை கிடைத்ததும் அதன் குணமே மாறிவிடுகிறது.

கேமராவை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என்று மூன்று பாதை கேரளத்துக்குத் திறக்கும் மாவட்டத்தில், கஞ்சா கடத்தும் வண்டியின் எண்ணைப் பதிவுசெய்ய அது தேவை. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், வாகன நிறுத்துமிடத் திருட்டைத் தடுப்பதில் கேமரா நன்றாக உதவுவதாகவும், வன்முறைக் குற்றங்களைத் தடுப்பதில் அதற்குப் பெரிய பங்கில்லை என்றும் கண்டிருக்கிறார்கள். நடந்ததைக் கேமரா சொல்லும். நடக்கும்போது 'யாருடா அது' என்று குரல் கொடுக்காது.

வெளிச்சத்துக்கு அதைவிடப் பலன் உண்டு. நியூயார்க்கில் 2016-ல் அரசுக் குடியிருப்பு வளாகங்கள் சிலவற்றில் கூடுதல் விளக்குக் கோபுரங்களை நிறுத்திச் சோதித்தபோது, இரவில் வெளியிடங்களில் நடக்கும் கடுங்குற்றங்கள் சுமார் 36 சதவீதம் குறைந்தன. ஆனால் எங்கே விளக்கு வைக்கிறோம் என்பது முக்கியம். நம் ஊர்களில் முக்கூட்டில் ஒரு உயர்கோபுர விளக்கு வைத்து, தொகுதி மேம்பாட்டு நிதி என்று பெயர் எழுதுகிறோம். அதன் அடியில் பகலாக இருக்கும். அங்கிருந்து ஐம்பது தப்படி நடந்து காலனிக்குள் திரும்பினால், கண் கூசியதால் இருட்டு இன்னும் கெட்டியாகத் தெரியும். பெண்கள் பயப்படுவது முக்கூட்டில் நிற்கும்போது இல்லை, அங்கிருந்து வீட்டுக்கு நடக்கும் அந்த ஐம்பது தப்படியில்தான்.

இதை இந்தப் பள்ளத்தாக்கில் யாரைவிடவும் நன்றாக அறிந்தவர்கள் ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள். கம்பம், கூடலூர், உத்தமபாளையம், தேவாரம், போடி வட்டாரத்து ஊர்களில் விடிவதற்கு முன்பே சோற்று வாளியும் மேல்சட்டையுமாக அவர்கள் ஜீப்புக்கு நிற்கிறார்கள். அந்த நேரத்தில் சாலையில் இருப்பவர்கள் அவர்களும் டீக்கடைக்காரரும், இரவுக் குடி தெளியாத சிலரும்தான். நிற்குமிடத்தில் நிழற்குடை இல்லை, கழிப்பறை இல்லை, உட்காரக் கல் இல்லை. இடுக்கியின் ஏலக்காட்டுக்கு ஆள் பலம் தருவது இவர்கள். இவர்கள் கூலியில்தான் இங்கே பல குடும்பங்களில் அடுப்பு எரிகிறது. மாவட்டத்தின் எந்தத் தெரு எந்த நேரத்தில் அஞ்சத்தக்கது என்ற முழு வரைபடமும் அவர்கள் தலைக்குள் இருக்கிறது. அதை யாரும் கேட்டு எழுதிக்கொள்ளவில்லை.

மதுவைப் பேசாமல் இந்தக் கட்டுரையை முடித்தால் அது நேர்மையாகாது. கடை எங்கே இருக்கிறது என்பதும் வடிவமைப்புதான். நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்ற உச்ச நீதிமன்ற உத்தரவு 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது, மூடிய டாஸ்மாக் கடைகள் பலவற்றைக் குடியிருப்புகளையும் வயல்களையும் நோக்கி நகர்த்தினார்கள். தமிழகம் முழுக்கப் பெண்கள் தெருவில் இறங்கினார்கள். பாட்டிலை வாங்கிக்கொண்டு உட்கார இடம் தேடுகிறவர், பக்கத்துக் களத்துமேட்டுக்கும் வாய்க்கால் கரைக்கும் போகிறார். உடைந்த பாட்டில் நாற்று நடும் பெண்ணின் காலைக் கிழிக்கிறது. நீலகிரியில் 2022-ல் தொடங்கிய, காலி பாட்டிலுக்குப் பத்து ரூபாய் திருப்பித் தரும் ஏற்பாடு கண்ணாடிச் சில்லைக் குறைக்க நல்ல வழி. ஆனால் பள்ளியிலிருந்தும் பேருந்து நிறுத்தத்திலிருந்தும் கடையின் வாசல் தெரியக்கூடாது, கடைக்குப் போகும் வழி பெண்கள் நடக்கும் வழியாக இருக்கக்கூடாது என்று அரசு முடிவெடுக்காதவரை, எந்தப் பூங்காவைத் திருத்தினாலும் பாதிப் பலன்தான்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. பாலத்துக் கட்டைச் சுவரில் உட்கார்ந்திருக்கும் பையன்களையெல்லாம் குற்றவாளியாகப் பார்த்து, அவர்கள் உட்காரும் கட்டையை இடிப்பது, அதில் கம்பி நடுவது என்று சில இடங்களில் தொடங்கிவிட்டார்கள். வேலை கிடைக்காத பையனுக்கு வீட்டில் இடம் இல்லை, ஊரிலும் இல்லையென்றால் அவன் மறைவான இடத்துக்குத்தான் போவான். பெரியகுளத்தைப் பாருங்கள். அங்கே சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் பல பத்தாண்டுகளாகக் கோடையில் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி நடத்துகிறது. மின்னொளியில் ராணுவ அணியும் ரயில்வே, வங்கி அணிகளும் ஆட, ஊர் திரண்டு உட்கார்ந்து பார்க்கிறது. ஒரு மைதானம், நான்கு விளக்குக் கம்பம், உட்காரப் படிகள், விடாமல் பார்த்துக்கொள்ளும் சிலர். ஆட்டத்தைப் பார்த்து வளர்ந்த பையனுக்குச் சாயங்காலம் போவதற்கு ஒரு இடம் இருக்கிறது. ஒரே அணியில் ஆடும்போது சாதிக் கோடு கொஞ்சமாவது அழிகிறது. கபடிக்கும் வாலிபாலுக்கும் இந்தப் பள்ளத்தாக்கில் ஆர்வத்துக்குப் பஞ்சமில்லை. முள் மண்டிய பூங்கா நிலங்களில் பாதியை ஆடுகளமாக்கி, விளக்குப் போட்டு, தெருவைப் பார்த்தபடி படிகள் கட்டலாம். பெண்பிள்ளைகளுக்கு என்று தனி நேரம் ஒதுக்கவும் வேண்டும். இல்லாவிட்டால் அதுவும் ஆண்களின் சாவடியாகிவிடும்.

டெல்லியில் 2013-ல் தொடங்கிய சேஃப்டிபின் என்ற அமைப்பு, வெளிச்சம், திறந்த பார்வை, நடைபாதை, ஆள் நடமாட்டம், பெண்கள் நடமாட்டம் போன்ற ஒன்பது அளவுகளை வைத்துத் தெருத்தெருவாக மதிப்பெண் போட்டது. நமக்குச் செயலிகூடத் தேவையில்லை. ஊராட்சிதோறும் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் இருக்கின்றன. இரவு எட்டு மணிக்கு ஒரு நடை, விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு நடை, எல்லாத் தெருவையும் சுற்றி வரட்டும், காலனித் தெருவும் அதில் கட்டாயம் சேரட்டும். எரியாத விளக்கு, மறைக்கும் சுவர், பூட்டிய கழிப்பறை, முள் நிலம், நிற்க அஞ்சும் முக்கு ஆகியவற்றைக் குறித்துக் கிராம சபையில் தீர்மானமாக வைக்கட்டும். மக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு தரும் 'நமக்கு நாமே' திட்டம் இருக்கிறது. பங்கு போட முடியாத காலனிகளுக்கு ஊராட்சி தன் பொது நிதியிலிருந்து போட வழிசெய்ய வேண்டும்.

முதல் வேலையாக ஏலத்தோட்ட ஜீப் நிற்கும் இடங்களை எடுத்துக்கொள்ளலாம். அவை எவை என்று காவல்துறைக்கும் போக்குவரத்துத் துறைக்கும் தெரியும். ஒவ்வொன்றிலும் நான்கு பக்கமும் திறந்த ஒரு நிழற்குடை, உட்கார இருக்கை, வீடுவரை தொடரும் தாழ்வான விளக்குக் கம்பங்கள், நான்கு மணிக்கே திறக்கும் ஒரு கழிப்பறை, அதைப் பார்த்துக்கொள்ள மாதச் சம்பளத்தில் ஒரு பெண். நிழற்குடையில் எந்தக் கட்சியின் பெயரும் எந்தச் சாதியின் பெயரும் எழுதக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேர்க்க வேண்டும்.